மைக்குக்கு முன் மனு

"சார், நீங்கதான் நல்லா பேசுவீங்க. நீங்களே பேசிடுங்க."

தென்சென்னையில் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செய்தித் தொடர்பாளர் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான். தேர்தல் கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது. தெருவில் தண்ணீர் நிற்கும், டிவிக்காரர் வந்து இறங்குவார், சங்கத் தலைவர் கூச்சத்தில் ஓரடி பின்வாங்குவார். முன்னால் நிற்பது நீங்கள் என்று ஆகிவிடும்.

நானும் அப்படி வந்தவன்தான். மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டி ஒரு சந்து. கழிவுநீர் பொங்கி வாசல்படி வரை வந்திருந்தது. மைக் நீண்டதும் வாய் தானாகத் திறந்தது. "பத்து நாளா இதே நிலைமைதான். ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை." சாயங்காலச் செய்தியில் வந்தது. சந்தில் அன்று எனக்குத் தனி மரியாதை.

மறுநாள் காலை பொறியாளர் ஒரு பதிவேட்டோடு வந்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். "சார், புகார் பதிவானது நாலு நாளைக்கு முன்னாடி. அடைப்பு எடுக்கிற வண்டி ரெண்டு தடவை வந்திருக்கு, இதோ கையெழுத்து. பத்து நாள்னு சொன்னீங்களே, அந்தப் புகார் எண் இருந்தா குடுங்க."

என்னிடம் எண் இல்லை. பதிவேட்டில் இருந்த கையெழுத்து, சந்து முனையில் பூ கட்டி விற்கும் அக்காவுடையது. வண்டி வந்த இரண்டு தடவையும் அவர்தான் கூட நின்று பார்த்திருக்கிறார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். ரெண்டு வாட்டி எடுத்தும் நிக்கலைன்னா, உள்ள குழா உடைஞ்சிருக்குன்னு அவங்க ஆளே சொல்லிட்டுப் போனாரு."

செய்தி அதுதான். குழாய் உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். என் பத்து நாளைவிட அந்த உண்மைக்கு வலு அதிகம். ஆனால் அடுத்த இரண்டு வாரமும் பேச்சு பத்தா, நாலா என்பதிலேயே நின்றது. குழாய் மாற மூன்று மாதம் ஆனது.

இந்த வேலைக்கு வரப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது முழுவதும் அந்தக் காலையில் அடங்கியிருக்கிறது. பேசுவது இதில் சின்னப் பங்கு. யாருக்காகப் பேசுகிறோம், யாரிடம் பேசுகிறோம், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் வாய்க்கு வேலை.

யாருடைய மேஜை?

'கவர்மென்ட் கண்டுக்கவே இல்லை' என்று சொன்னால் எந்த அலுவலகத்துக்கும் வலிக்காது. ஏனென்றால் கவர்மென்ட் என்ற பெயரில் ஒரு மேஜை எங்குமே இல்லை.

தெருவில் நிற்கும் தண்ணீரையே பாருங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய், 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்துடையது, அதாவது மெட்ரோ வாட்டருடையது. நடைபாதை மாநகராட்சி, அதன்மேல் நிற்கும் மின்பெட்டி மின்வாரியம், அதை மறித்து நிற்கும் கார் போக்குவரத்துக் காவல். அடையாறு ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறை. கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் அறநிலையத் துறை. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டி அடைத்த தெரு என்றால் முதல் கேள்வி மெட்ரோ ரயில் நிறுவனத்துக்கு.

கழிவுநீர் போய் மழைநீர் வடிகாலில் கலந்துவிட்டால் வேடிக்கை ஆரம்பம். "வடிகால் எங்களுது, ஆனா தண்ணி அவங்களுது" என்பார் ஒருவர். "தண்ணி எங்களுது, ஆனா ஓடுறது அவங்க வடிகால்ல" என்பார் மற்றவர். இரண்டு பேருக்கும் தனித்தனியாக மனு கொடுத்தால் இரண்டும் எதிர் அலுவலகத்துக்கு அனுப்பப்படும். ஒரே மனுவில் இரண்டு அலுவலகங்களையும் பெறுநராகப் போடுங்கள். கோரிக்கையாக ஒன்றை மட்டும் எழுதுங்கள்: இரு துறையும் சேர்ந்து ஒரு நாள் கள ஆய்வுக்கு வர வேண்டும். ஒரே மூடியைச் சுற்றி இருவரும் நின்றுவிட்டால், தட்டிக்கழிக்க மூன்றாவது ஆள் இல்லை.

மாநகராட்சிக்குள்ளும் வழி தெரிய வேண்டும். பல மண்டலங்கள், அவற்றுக்குள் 200 வார்டு. தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் வேறு வார்டு என்பதும் உண்டு. உங்கள் வார்டு எண், கவுன்சிலர், உதவிப் பொறியாளர் (ஏ.இ. என்றால்தான் அலுவலகத்தில் புரியும்), துப்புரவு ஆய்வாளர், மெட்ரோ வாட்டர் டிப்போ ஆகிய ஐந்தும் ஒரே தாளில் இருக்கட்டும். பதவி ஏற்ற முதல் வாரத்து வேலை இது.

காகிதம் பேசும்

1913-க்குப் போன் செய்தால் மாநகராட்சிப் புகார் எண் கிடைக்கும். அதைப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதுங்கள்: தேதி, நேரம், எண், யார் வந்தார், என்ன செய்தார். என் நோட்டு நாற்பது பக்க நோட்டுதான். எந்தப் பேட்டியையும்விட அது அதிகம் சாதித்திருக்கிறது.

போனுக்கு அடுத்தது மனு. ஒரு பக்கம், ஒரு பிரச்சினை, ஒரு கோரிக்கை. தெருவில் விளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை, குப்பை என்று மூன்றையும் ஒரே மனுவில் போட்டால் அது மூன்று மேஜைக்குப் போக வேண்டும், ஒன்றுக்கும் போகாது. இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005. தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. இதில் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு 'ஏன்' என்று கேட்பது. 'ஏன் சாலை போடவில்லை' என்றால் வராது, ஏனென்றால் காரணங்களுக்குக் கோப்பு இல்லை. கோப்பில் இருப்பதைக் கேளுங்கள்: பணி ஆணை நகல், மதிப்பீட்டு நகல், ஒப்பந்தப்படி முடிக்க வேண்டிய தேதி, அளவுப் புத்தகத்தின் (பொறியாளர்கள் எம்-புக் என்பார்கள்) பக்கங்கள். 'எம்-புக் நகல்' என்று எழுதிவிட்டால், இவருக்கு விஷயம் தெரியும் என்று அந்த அலுவலகம் புரிந்துகொள்ளும்.

'நாங்கள்' என்றால் யார்?

இந்த வேலையின் கடினமான இடம் இதுதான். மைக்கில் 'இந்தப் பகுதி மக்கள் நாங்கள்' என்கிறீர்கள். எந்த மக்கள்?

2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பம் மீனவர்கள் சாலையில் படகுகளை இழுத்து நிறுத்தினார்கள். அதுவரை கேள்வி 'சாலையில் ஏன் கடை?' என்பதாக இருந்தது. மீனவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: எங்கள் குப்பத்துக்குள் ஏன் சாலை? கடை சாலைக்கு வரவில்லை, சாலைதான் குப்பத்துக்குள் வந்தது என்ற வாதத்துக்குப் பிறகு, காரில் போகிறவர்களின் வசதியை மட்டும் வைத்து அந்த விவகாரத்தைப் பேச முடியாமல் போனது. ஒழுங்குமுறைகளோடு மீன் விற்க வழி பிறந்தது. 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

அந்த வாதம் ஒரு விளம்பர நிறுவனத்தின் மூளையில் உதித்ததல்ல. அங்கே தினமும் கூடை வைத்து உட்காருகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதே ஏப்ரலில் லூப் சாலையில் சிக்கி அலுவலகத்துக்குத் தாமதமான ஒருவர் 'பகுதி மக்கள்' சார்பில் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். அவரும் பகுதிவாசிதான். பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்.

தி.நகர் பாண்டி பஜாரிலும் இதே முடிச்சு. சாலையோர வியாபாரிகள் 2013-இல் தனி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. அந்த ஒரு சாலையைப் பற்றிக் கேட்டால் மூன்று 'நாங்கள்' பதில் சொல்லும்: பக்கத் தெருவில் வீடு வைத்திருப்பவர், துணிக்கடைக்காரர், கூடையில் கம்மல் விற்றவர். மூவருக்கும் நியாயம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. சட்டமே அவர்களை எண்ணும்போது சங்கம் எண்ணாமல் விடலாமா?

எதிர்மாறான காட்சியும் உண்டு. 2009 வாக்கில் கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடற்கரையோரமாக உயர்மட்டச் சாலை என்ற திட்டம் பேசப்பட்டது. மீனவக் குப்பங்களும் பெசன்ட் நகர்ப் பக்கத்துக் குடியிருப்புவாசிகளும் சேர்ந்தே எதிர்த்தார்கள். படகுக்காரரும் பங்களாக்காரரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அதை 'ஒரு சிலர்' என்று ஒதுக்குவது யாருக்கும் சிரமம்.

நம் சங்கங்களில் ஓட்டு பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான். வாடகைக்கு இருப்பவர், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, இஸ்திரி வண்டிக்காரர், பின்பக்கக் குடிசை வரிசை எல்லாம் கூட்டத்துக்கு வருவதில்லை. ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்காதவர்கள் பெயரில் பேசாதீர்கள். முப்பது வீட்டில் கேட்டிருந்தால் 'முப்பது வீட்டில் கேட்டோம்' என்றே சொல்லுங்கள். 'ஒட்டுமொத்த மயிலாப்பூரும்' என்பதைவிட அது நிமிர்ந்து நிற்கும்.

மைக் வந்ததும்

உங்களுக்குக் கிடைப்பது இருபது விநாடி. அதில் மூன்று சொல்லுங்கள்: எங்கே, எப்போதிலிருந்து, என்ன வேண்டும்.

சொல்லக் கூடாதது: "எவ்வளவோ தடவை சொல்லிப் பார்த்துட்டோம், இந்த ஊர்ல நடக்கவே முடியலை, எல்லாம் ஊழல்."

சொல்ல வேண்டியது: "இந்த மூடி ஆறாம் தேதியிலேர்ந்து திறந்து கிடக்கு. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூணு தேதியிலயும் புகார் பண்ணியிருக்கோம். ஸ்கூல் வேன் நிக்கிற இடம். நாளைக்குள்ள மூடி போடணும்."

முதலாவதைக் கேட்பவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். இரண்டாவதைக் கேட்கும் அதிகாரி தேதியைப் பார்ப்பார்.

தெரியாததைக் கேட்டால், "தெரியலை, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லப் பழகுங்கள். சொன்னபடி பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு தடவை அப்படிச் செய்தால் நிருபர் உங்கள் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். "கான்ட்ராக்டர் கமிஷன் குடுத்தாருன்னு சொல்றாங்களே?" என்று தூண்டில் வரும். கடிக்காதீர்கள். பாரதிய நியாய சங்கிதையின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. "அளவு சரியான்னு பார்க்க எம்-புக் கேட்டிருக்கோம்" என்பதோடு நிறுத்துங்கள்.

அறிக்கை எழுதினால் தமிழில் முதலில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். முதல் பத்தியை மட்டும் படித்தாலும் விஷயம் முழுவதும் புரிய வேண்டும். ஆங்கிலப் பிரதி அதன்பிறகு. சேப்பாக்கத்தில் பத்திரிகையாளர் மன்றத்தில் பிரஸ் மீட் வைக்கலாம்தான். ஆனால் ஒரு தெருப் பிரச்சினைக்கு நிருபரைத் தெருவுக்கே கூப்பிடுவது மேல், கேமராவுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும். பெரிய நாளிதழ் எட்டாவது நாள் மறந்துவிடும். 1994 முதல் வரும் மயிலாப்பூர் டைம்ஸும், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் போன்ற வட்டார வார இதழ்களும் ஒரு நடைபாதைக் கல்லுக்குக்கூட இடம் தரும். வட்டார அதிகாரியும் அதைத்தான் கவனித்துப் படிப்பார்.

பதாகையோடு நிற்க முடிவெடுத்தால் அனுமதி வேண்டும். சென்னை நகரக் காவல் சட்டம், 1888, 41-ஆம் பிரிவின்படி ஐந்து நாள் முன்னதாக எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 'பத்துப் பேர்தானே' என்று போய் நின்றால், மறுநாள் செய்தி பிரச்சினையைப் பற்றி இருக்காது, வேனில் ஏற்றிப் போனதைப் பற்றி இருக்கும்.

சங்கத்துக்குள்

வெளியே பேசுமுன் உள்ளே எழுதி வாங்குங்கள். பதிவு பெற்ற சங்கம் (தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975) என்றால் தீர்மானப் புத்தகம் இருக்கும். எந்தெந்த விஷயத்தில் நீங்களாகப் பேசலாம், எதற்குச் செயற்குழுவைக் கேட்க வேண்டும் என்று நாலு வரி அதில் ஏறட்டும். இல்லாவிட்டால் முதல் சர்ச்சையில் "அது அவர் சொந்தக் கருத்து" என்று கைவிடப்படுவீர்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவது தனிப்பேச்சு என்று நினைக்காதீர்கள். இரவு பதினொன்றரைக்குக் கோபத்தில் தட்டியது, காலையில் கவுன்சிலர் கையில் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும். தவறு சொல்லிவிட்டால் அன்றே திருத்துங்கள், அதே குரூப்பில், அதே நிருபரிடம்.

தேர்தல் நெருங்கினால் எல்லாக் கட்சிக்காரரும் டீ வாங்கித் தருவார்கள். குடிக்கலாம். மேடை ஏறாதீர்கள். ஏறுவதென்றால் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஏறுங்கள்.

சம்பள வேலைக்கும் இதற்கும் நடுவே

அரசு ஊழியர் என்றால் முதலில் நடத்தை விதியைப் படியுங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, பத்திரிகையிலும் ஊடகத்திலும் பேசுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் தனி விதி உண்டு. அவர்கள் நோட்டை எழுதலாம், மனுவைத் திருத்தித் தரலாம். மைக்கை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது.

தனியார் நிறுவனம் என்றால் மனிதவளப் பிரிவுக்கு நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டியில் நிறுவனத்தின் பெயர் வரக் கூடாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவே கூடாது, கேமரா முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் நிறுவனம் கட்டுமானத் துறையில் இருந்து, தெருவில் கட்டிடப் பிரச்சினை எழுந்தால், அந்த ஒரு விஷயத்தில் ஒதுங்கிக்கொள்ளுங்கள். யாரும் கேட்குமுன் நீங்களே சொல்லி ஒதுங்குவதில்தான் மரியாதை.

நேரக் கணக்கு: என் அனுபவத்தில் வாரம் மூன்று நான்கு மணி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதில் இரட்டிப்பு. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரே இருக்க வேண்டாம். குரல் ஒருவருடையதாகவே ஒட்டிக்கொண்டால், அவர் ஊருக்குப் போகும்போது தெரு ஊமையாகிவிடும்.

கிடைப்பது என்ன? ஒரு சிக்கலை இருபது விநாடியில் சொல்லும் பழக்கம், எரிச்சலோடு வருகிறவரிடம் எரிச்சல்படாமல் பேசும் நிதானம், கூட்டத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் வித்தை. எந்த அலுவலகப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. விண்ணப்பத்தில் 'சமூக சேவை' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எத்தனை மனு, எத்தனை தீர்ந்தது, எந்தெந்தத் துறையோடு வேலை செய்தீர்கள் என்று கணக்காக எழுதுங்கள். நோட்டு இருந்தால் எழுதலாம். இந்த ஊரில் முன்னோடியும் இருக்கிறார். 1989-இல் எக்ஸ்னோரா அமைப்பைத் தொடங்கிய எம்.பி. நிர்மல் வங்கி வேலையில் இருந்தவர். வீடு வீடாகக் குப்பை வாங்கும் வண்டியைத் தெருச் சங்கங்களே நடத்தலாம் என்று சென்னைக்குக் காட்டியவர்கள் அந்த அமைப்பினர்.

முதல் மாதம்

முதல் வாரம்: ஐந்து பெயர்த் தாள். வார்டு, கவுன்சிலர், இரு அதிகாரிகள், டிப்போ.

இரண்டாம் வாரம்: காலை ஆறு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு ஒரு முறை தெருவை நடந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறு தெரு.

மூன்றாம் வாரம்: சங்கத்தில் உறுப்பினரல்லாத பத்துப் பேரிடம் பேசுங்கள். நோட்டில் குறியுங்கள்.

நான்காம் வாரம்: சின்னதாக ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து முடித்துக் காட்டுங்கள். எரியாத விளக்கு போதும். முடிந்ததும் சரிசெய்த ஊழியருக்கு நன்றி சொல்லிக் குரூப்பில் போடுங்கள். புகாரை மட்டுமே பேசும் குரலை ஆறு மாதத்தில் எல்லாரும் ம்யூட் செய்துவிடுவார்கள்.

போன ஐப்பசி மழையில் எங்கள் சந்தில் மறுபடி தண்ணீர் நின்றது. டிவிக்காரர் வந்தார். மைக் என் பக்கம் நீண்டது. நான் பூக்கடை அக்காவைக் காட்டினேன். அவர் நாரை ஓரமாக வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரிலேர்ந்து நிக்குது. புதன்கிழமை புகார் பண்ணோம், நம்பர் இவர் நோட்டுல இருக்கு. நேத்து ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போனாங்க, கையெழுத்து நான்தான் போட்டேன். மோட்டார் ஒண்ணு வச்சா போதும், இன்னிக்கே வடிஞ்சிடும்."

இருபது விநாடிகூட ஆகவில்லை. நான் நோட்டைத் திறந்து எண்ணைப் படித்தேன். சாயங்காலம் மோட்டார் வந்தது.